சேர்வராயன் மலையின் கல்லையும் மண்ணையும் அடையாளம் காணும் முறை

சேர்வராயன் மலையின் கனிமவளத்தை அறிய விரும்புவோர் ஏற்காட்டில் அல்ல, சேலத்தின் வடபுறத்தில், மலையடிவாரத்தில் உள்ள வெள்ளைக்கல் மேடுகளில் தொடங்க வேண்டும். அடிப்பாறையைக் கிழித்து வலையாகப் பின்னி ஓடும் வெண்ணரம்புகளே மேக்னசைட் என்னும் மெக்னீசியக் கனிமம். உடைந்த சில்லின் முகம் பீங்கானைப் போல வழவழப்பாக இருக்கும். சுண்ணாம்புக்கல்லோ என்ற ஐயம் எழுந்தால், நீர்த்த அமிலம் ஒரு துளி விட்டுப் பாருங்கள்: சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும், மேக்னசைட் ஏறக்குறைய அசையாது. இதற்குச் சாலையோரச் சில்லே போதும். அனுமதியின்றிச் சுரங்கத்துக்குள் நுழைய வேண்டாம்.

பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, சாலைக்காக வெட்டப்பட்ட பாறை முகங்களைக் கவனியுங்கள். நீலச்சாம்பல் நிறத்தில் மங்கிய பளபளப்புடன் தெரிவது சார்னோகைட் என்னும் கடினப் பாறை.

உச்சியில், 1,600 மீட்டருக்கு மேல், சேர்வராயன் கோயிலைச் சுற்றியுள்ள செம்மேட்டில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. நெடுங்கால மழை அதே சார்னோகைட்டிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, அலுமினியம் மிகுந்த பாக்சைட் அங்கே எஞ்சி நிற்கிறது.

நீர்வளத்தைப் பார்க்க வடகிழக்குப் பருவமழைக் காலமே ஏற்றது. காவிரியைச் சேரும் திருமணிமுத்தாறு இம்மலையில்தான் பிறக்கிறது என்றாலும், கடுங்கோடையில் கிளியூர் அருவியில்கூடப் பெரும்பாலும் பாறையைத்தான் காண முடியும்.