நோட்டாரியோ உங்கள் வக்கீல் இல்லை: ஸ்பெயினுக்குக் குடிவரும் பிரித்தானியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் லண்டன் குரோய்டனிலிருந்து ஒரு இளம் தம்பதி என் வீட்டுக்கு வந்தார்கள். போனில் ஒரு வீட்டின் படங்களைக் காட்டினார்கள். வெள்ளைச் சுவர், நீச்சல்குளம், சுற்றிலும் பாதாம் மரங்கள். முன்பணம் 3,000 யூரோ கட்டியாகிவிட்டது. வக்கீல் யார் என்று கேட்டேன். வீட்டைக் காட்டிய ஏஜென்ட்டே ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறாராம். எப்படியும் கடைசியில் பத்திரத்தில் சான்றொப்பம் இடும் நோட்டாரியோ எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுவார் என்றும் சொல்லியிருக்கிறார். 2004இல் இதே வார்த்தைகளை நானும் கேட்டேன், நம்பினேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் இருப்பது ஸ்பெயினின் தென்கிழக்கில், அல்மேரியா மாகாணத்து அல்மன்சோரா பள்ளத்தாக்கில். லண்டனில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு, பிரித்தானிய பாஸ்போர்ட்டோடு கணவரும் நானும் இங்கே குடிவந்தோம். இப்போது புதிதாக வருபவர்களுக்கு மொழிபெயர்க்க நகராட்சிக்கும் வங்கிக்கும் கூடப் போகிறேன். மதியம் கடை மூடியிருக்கும், இரவு ஒன்பதுக்கு முன் சாப்பாடு கிடைப்பது கடினம் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏஜென்ட் காட்டும் வக்கீலை வைத்துக்கொள்வது

இங்கிலாந்தில் வீடு வாங்கியவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வாங்குபவரின் வக்கீலான சொலிசிட்டர் எல்லாவற்றையும் தோண்டிப் பார்ப்பார், வில்லங்கம் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுவார். ஸ்பெயினுக்கு வந்ததும் நோட்டாரியோவின் பெரிய மேசையையும் முத்திரையையும் பார்த்து, அந்த சொலிசிட்டரின் இடத்தில் இவரை வைத்துவிடுகிறோம். நோட்டாரியோ அரசு அதிகாரம் பெற்றவர்தான். வாங்குபவரும் விற்பவரும் யார் என்று பார்ப்பார். பதிவேட்டில் அடமானம் இருக்கிறதா என்று பார்ப்பார். பணம் எப்படிக் கைமாறியது என்று எழுதுவார், பத்திரத்தை வாசித்துக் காட்டுவார். அந்த நிலத்தில் அந்த வீட்டைக் கட்ட அனுமதி இருந்ததா என்று உங்கள் பக்கம் நின்று விசாரிப்பது அவர் வேலை இல்லை.

இங்கே ஒரு வீட்டைப் பற்றிய காகிதம் மூன்று இடங்களில் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரோ என்னும் சொத்துப் பதிவேட்டில் உரிமையாளர் யார், கடன் எவ்வளவு என்பது இருக்கும். அங்கே வாங்கும் நோட்டா சிம்ப்ளே நம் ஊர் வில்லங்கச் சான்று மாதிரி. கதாஸ்த்ரோ என்பது வரி போடுவதற்கான வரைபடம். மூன்றாவது, நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவு. பெரும்பாலும் மூன்றும் ஒத்துப்போகாது. கதாஸ்த்ரோவில் நீச்சல்குளம் இருக்கும், ரெஜிஸ்ட்ரோவில் இருக்காது. நகராட்சிக் கோப்பில் வீடே இருக்காது. வருடாவருடம் வீட்டு வரி கட்டியிருக்கிறோம் என்று ரசீதுக் கட்டை எடுத்து நீட்டுவார்கள். வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது. இதை மட்டும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

எங்கள் வீடு நின்றது சுவேலோ ருஸ்டிகோவில், அதாவது விவசாய நிலத்தில். நோட்டா சிம்ப்ளேயில் இருந்தது ஒரு பாதாம் தோட்டமும் சாமான் போடும் கொட்டகையும்தான். நாங்கள் வாங்கியதோ மூன்று படுக்கையறை வீடு. வக்கீல் அந்தக் காகிதத்தைப் படித்திருந்தார், எங்களிடம் சொல்லவில்லை. அந்த ஏஜென்ட் அவருக்கு மாதாமாதம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கட்டணம் கொடுக்கப்போகிறவர்கள். அவர் யார் பக்கம் நிற்பார் என்று அன்றே யோசித்திருக்க வேண்டும். இருபது வருடம் ஆகியும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மின்சாரம் லூஸ் தே ஓப்ரா, கட்டட வேலைக்குக் கொடுக்கும் தற்காலிக இணைப்பு. அந்த ஒரே இணைப்பில் ஏழு வீடுகள். எங்கள் வீட்டில் அடுப்பைப் போட்டால் பக்கத்து வீட்டில் ஏ.சி. நின்றுவிடும். ஆறு மாதத்தில் மீட்டர் வரும் என்றார்கள். 2009இல் வீட்டைக் கட்டியவர் திவாலானார். ஒரு நாள் காலை மின்சாரம் போனது, அந்தக் கம்பியில் அப்புறம் வரவே இல்லை. ஜெனரேட்டர், கூரையில் சோலார், லாரித் தண்ணீர் என்று பன்னிரண்டு வருடம் ஓடியது. மீட்டர் வந்தது 2021இல்.

நாங்கள் மட்டும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான வீடுகள் இப்படி நின்றன. 2008 ஜனவரியில், இதே மாகாணத்தில் வேரா அருகே, ஓய்வுபெற்ற ஒரு பிரித்தானியத் தம்பதியின் வீட்டை இடித்தார்கள். அவர்களிடம் உள்ளூர் நகராட்சி கொடுத்த அனுமதி கையில் இருந்தது. மாநில அரசு அதை எதிர்த்து ரத்து செய்ய வைத்தது. அந்தச் செய்திக்குப் பிறகு பல மாதம், மண் பாதையில் தெரியாத கார் வந்தால் என் கணவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். 2009இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் டென்மார்க் உறுப்பினர் மார்க்ரேத அவுக்கனின் அறிக்கையை ஏற்று ஸ்பெயினைக் கண்டித்தது. இங்கே பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து ஆவுவான் என்ற சங்கத்தை நடத்திப் போராடினார்கள். நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு இழப்பீடு உறுதியாகும்வரை இடிப்பைத் தள்ளிவைக்க இடம் தரும் திருத்தங்கள் 2015இல் தேசியச் சட்டத்தில் வந்தன.

எங்கள் மாநிலமான ஆண்டலூசியாவில் இப்போது ஒரு வழி இருக்கிறது. அனுமதியில்லாமல் கட்டியதற்கு நடவடிக்கை எடுப்பதற்கான ஆறு வருடக் கெடு கடந்த வீட்டுக்கு நகராட்சி ஏ.எஃப்.ஓ. என்னும் அங்கீகாரம் தரலாம். 2019 செப்டம்பரில் வந்த ஆணைச்சட்டம் இதை எளிதாக்கியது. அதை வைத்துத் தண்ணீரும் மின்சாரமும் கேட்கலாம். ஆனால் வீட்டைப் பெரிதாக்க முடியாது. வெள்ள அபாய நிலத்திலோ சிறப்புப் பாதுகாப்பு நிலத்திலோ இருந்தால் அந்த ஆறு வருடக் கணக்கை நம்பவே கூடாது. "ஏ.எஃப்.ஓ. வாங்கிவிடலாம்" என்று விற்பவர் சொன்னால், அதை அவரே வாங்கிக் கொடுத்த பிறகு பணம் கொடுங்கள்.

அப்படியென்றால் என்ன செய்வது? மாகாணத்தின் வக்கீல் சங்கப் பட்டியலிலிருந்து நீங்களே ஒருவரைத் தேடுங்கள். ஏஜென்ட்டின் ஊரிலேயே வேண்டாம், வேறு ஊரில். அந்த வீட்டின் மேல் ஏதாவது நடவடிக்கைக் கோப்பு திறந்திருக்கிறதா என்று நகராட்சியிடம் எழுத்தில் சான்று கேட்கச் சொல்லுங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். "சனிக்கிழமை வேறு குடும்பம் பார்க்க வருகிறது" என்று ஏஜென்ட் சொல்வார். வரட்டும். விற்பவர் பெயரில் வந்த கடைசி மின் கட்டண ரசீதை வாங்கி, அது வீட்டு இணைப்பா, கட்டட வேலை இணைப்பா என்று பாருங்கள். இதெல்லாம் ஆர்ராஸ் என்னும் முன்பண ஒப்பந்தத்துக்கு முன்பு நடக்க வேண்டும். ஆர்ராஸில் வழக்கமாக விலையில் பத்து சதவீதம் கட்டுவோம். சிவில் சட்டத்தின் 1454ஆம் பிரிவுப்படி எழுதியிருந்தால், பின்வாங்கும் வாங்குபவர் அதை இழப்பார், பின்வாங்கும் விற்பவர் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். அனுமதியில் சிக்கல் தெரிந்தால் பணம் முழுதாகத் திரும்ப வேண்டும் என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீடு இருந்தால் தங்கலாம் என்று நினைப்பது

முடியாது. பிரித்தானிய பாஸ்போர்ட்டோடு விசா இல்லாமல் வந்தால் 180 நாளில் 90 நாள்தான். அதுவும் ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் சேர்த்து.

கோல்டன் விசா பற்றி இன்னும் கேட்கிறார்கள். 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் கிடைத்த அந்த விசா 2025 ஏப்ரல் 3 அன்று முடிந்துவிட்டது.

இங்கிலாந்தின் வரிக் கணக்கை இங்கே கொண்டுவருவது

ஒரு காலண்டர் வருடத்தில் 183 நாளுக்கு மேல் இங்கே இருந்தால், உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் ஸ்பெயினில் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் வரி இல்லாத ஐ.எஸ்.ஏ. சேமிப்புக்கு இங்கே அந்தச் சலுகை கிடையாது. ஓய்வூதியத்திலிருந்து வரியில்லாமல் எடுக்கும் 25 சதவீதமும் அப்படித்தான். அந்தத் தொகையை எடுக்கும் எண்ணம் இருந்தால், குடிவருவதற்கு முன்பே ஒரு வரி ஆலோசகரிடம் பேசுங்கள். வந்த பிறகு என்னிடம் வந்து அழுத மூன்று பேரை எனக்குத் தெரியும்.

ஓட்டுநர் உரிமம்

குடியிருப்பாளர் ஆன ஆறு மாதத்துக்குள் பிரித்தானிய உரிமத்தை ஸ்பானிய உரிமமாக மாற்றிவிடுங்கள். 2023 மார்ச் முதல் அதற்குத் தேர்வு கிடையாது.

உயில் எழுதாமல் விடுவது

ஸ்பானிய வாரிசுச் சட்டத்தின் பொது விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டது. இங்கேயே வாழ்ந்து இறந்தால் அந்தச் சட்டம்தான் பொருந்தும். உங்கள் குடியுரிமை நாட்டின் சட்டமே வேண்டும் என்று உயிலில் ஒரு வரி எழுதினால் போதும். 2015 ஆகஸ்ட் 17 முதல் ஐரோப்பிய விதி அதற்கு இடம் தருகிறது.

ஸ்பெயினைப் பற்றி லண்டன் பத்திரிகையில் படிப்பது

2024இல் பார்சிலோனாவில் சிலர் சுற்றுலாப் பயணிகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்தார்கள். எங்கள் ஊர் பிரித்தானியர்கள் ஒரு வாரம் அதையே பேசினார்கள், நம்மை வெறுக்கிறார்கள் என்று. அந்த வருடம் ஏப்ரல் 20 அன்று கேனரித் தீவுகளில் பல்லாயிரம் பேர் ஏன் தெருவில் இறங்கினார்கள் என்று கேட்டால் பதில் வரவில்லை. வாடகைதான் காரணம். குடியிருந்த வீடுகள் சுற்றுலா வாடகைக்குப் போய்விட்டன, உள்ளூர் ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் வாடகைக்கு வீடு இல்லை. 2025 ஜனவரியில் பிரதமர் சான்செஸ், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் வீடு வாங்கினால் 100 சதவீதம் வரை வரி என்று யோசனை சொன்னபோதும் இதே பதற்றம். அது அறிவிப்பா, மசோதாவா, சட்டமா என்று யாரும் பார்க்கவில்லை. காலையில் பக்கத்து பாரில் காபி குடித்தபடி அங்கே கிடக்கும் உள்ளூர்ப் பத்திரிகையைப் புரட்டுங்கள். முதல் வருடம் தலைப்பு மட்டும் புரியும். அதுவே போதும்.

காய்ந்த ஓடையைப் பாதை என்று நினைப்பது

இங்கே அதற்கு ரம்ப்ளா என்று பெயர். வருடத்தில் முந்நூறு நாளுக்கு மேல் காய்ந்த மணலாகக் கிடக்கும், கார் கூட ஓட்டுவார்கள். செப்டம்பர், அக்டோபரில் ஒரு மணி நேர மழையில் காட்டாறாகிவிடும். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியாவில் 220 பேருக்கு மேல் இறந்தார்கள். மழையே பெய்யாத ஊர்களுக்கும் அன்று வெள்ளம் ஓடைவழியே வந்து சேர்ந்தது.

குரோய்டன் தம்பதியை அந்த வீட்டுக்கு நானே கூட்டிப்போனேன். பக்கத்துத் தோட்டத்தில் எண்பது வயதுக்காரர் ஒருவர் ஆலிவ் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் எந்தப் பக்கமாக வரும் என்று கேட்டேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மலையிலிருந்து ஒரு கோடு இழுக்கிற மாதிரி கையை இறக்கி, நீச்சல்குளத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வீடு இன்னும் விற்பனைக்கு இருக்கிறது. அந்தப் பலகையில் உள்ள எண்ணுக்கு போன் செய்ய நினைத்தால், முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். காலை பதினொரு மணிவரை தோட்டத்தில்தான் இருப்பார்.