டிஐசி: எண்களைத் துரத்தி நோயை விட்டுவிடாதீர்கள்

ஐசியூவில் இருப்பவருக்கு "டிஐசி ஆகிவிட்டது" என்று மருத்துவர் சொன்னால், அதைப் புதிதாக வந்த தனி நோய் என்றே பலர் நினைக்கிறார்கள். டிஐசி (DIC) என்பது ரத்தம் உறையும் முறையே உடல் முழுக்கக் குலைந்துபோகும் நிலை. அது தானாக வராது. செப்சிஸ் (கிருமித்தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை), பெரிய விபத்துக் காயம், பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி பிரிவது, சில வகை ரத்தப் புற்றுநோய் என ஏதாவது ஒன்று அதைக் கிளப்பிவிடும். உடல் முழுக்கச் சிறு ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைகிறது. அந்த வேகத்தில் தட்டணுக்களும் (பிளேட்லெட்) உறைய வைக்கும் புரதங்களும் தீர்ந்துபோகின்றன. அதனால்தான் உள்ளே சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்கள் அடைபடும்போதே ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிகிறது.

"பிளேட்லெட் ஏன் இன்னும் ஏற்றவில்லை?" என்று சண்டை போடுவது அடுத்த தவறு. ரத்தக்கசிவு இருந்து, தட்டணு 50,000-க்குக் கீழே போனால் ஏற்றுவார்கள். கசிவே இல்லாதவருக்கு அதைவிட நன்றாகக் குறைந்தாலும் பொறுத்துப் பார்ப்பார்கள். செப்சிஸால் வந்த டிஐசியில் சீழை வெளியேற்றாமல், சரியான ஆன்டிபயாடிக் கொடுக்காமல் எத்தனை பை ஏற்றினாலும் அதுவும் கரைந்துதான் போகும்.

மருத்துவம் படித்தவர்களே சறுக்கும் இடம் ரிப்போர்ட்டில் வரும் 'நார்மல்'. நேற்று 4 லட்சமாக இருந்த தட்டணு இன்று 1.6 லட்சம் என்றால் தாள் நார்மல் என்றே காட்டும். ஆனால் அது பெரிய சரிவு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் இயல்பாகவே 400-ஐ (மி.கி./டெ.லி.) தாண்டும். பிரசவத்தில் ரத்தம் போகும் பெண்ணுக்கு அது 200 என்று வந்தால், என்னைக் கேட்டால், அதுவே அபாய மணி. டி-டைமர் (உறைகட்டி கரையும்போது வரும் புரதத் துணுக்கு) மட்டும் கூடியிருப்பதை வைத்து டிஐசி என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அது கூடும். பல சோதனைகளைச் சேர்த்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

ரத்தத்தை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலத்தை எல்லோருக்கும் போடச் சொல்லக் கூடாது. விபத்திலும் பிரசவ ரத்தப்போக்கிலும் சீக்கிரம் கொடுத்தால் உயிர் காக்கும். செப்சிஸில் வரும் டிஐசியில் உறைகட்டிகள் கரைவதைத் தடுத்துக் கெடுதல் செய்யக்கூடும்.

கண்ணாடி விரியன் கடியில் வருவது டிஐசி மாதிரியே இருக்கும், ஆனால் சற்று வேறு. விஷமே உறைதல் புரதங்களை நேராகத் தூண்டிச் செலவழித்துவிடுகிறது. விஷமுறிவு மருந்து இல்லாமல் பிளாஸ்மா மட்டும் ஏற்றுவது வீண். பாம்புக்கடியில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கச் செய்யும் 20 நிமிட உறைதல் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய்தான் வேண்டும். சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ பிளாஸ்டிக் குழாயிலோ நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கும்.