பர்கண்டி சைக்கிள் சுற்றுலா: பணம் கட்டியும் கோட்டை விடும் இடங்கள்

பிரான்ஸின் பர்கண்டியில், போன் நகரத்திலிருந்து சாந்தனே வரை திராட்சைத் தோட்டங்களை ஊடறுத்து ஒரு சைக்கிள் பாதை போகிறது. நீளம் சுமார் 22 கிலோமீட்டர். பொமார், வொல்னே, மெர்சோ, புலினி-மொன்ராஷே என்று ஒயின் பாட்டில் லேபிளில் படித்த ஊர்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். வரைபடத்தைப் பார்த்ததும், "இவ்வளவுதானா? இன்னும் 40 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்வோமே" என்று தோன்றும். முதல் தவறு அதுதான்.

மிதிக்கும் நேரம் இரண்டு மணிக்கு மேல் ஆகாது, உண்மைதான். ஆனால் அந்த ஊர்கள் தங்கள் கடிகாரப்படிதான் இயங்கும். மதியச் சாப்பாடு 12 மணிக்கு. ஒன்றரை தாண்டிப் போனால் பல உணவகங்களில் ஆர்டர் எடுக்க மாட்டார்கள். ஒயின் பண்ணைகளும் 12 முதல் 2 வரை மூடுவது வழக்கம். ஞாயிறு, திங்களில் பல இடங்கள் அடைத்துக் கிடக்கும். சிறிய பண்ணைகளில் முன்பதிவு இல்லாமல் கதவைத் தட்டிப் பயனில்லை. சில வாரம் முன்பே மின்னஞ்சல் போட வேண்டும். ஆகவே டேஸ்டிங் (ஒயினை ருசி பார்ப்பது) நேரத்தை முதலில் உறுதி செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி அன்றைய தூரத்தைக் கணக்கிடுங்கள். அறுவடையைப் பார்க்கலாம் என்று செப்டம்பரில் போகிறவர்களுக்குப் படம் நன்றாகக் கிடைக்கும். பண்ணைக்காரர்களுக்குத்தான் உங்களோடு உட்கார நேரம் இருக்காது. மே கடைசியும் ஜூனும் நல்ல காலம்.

அடுத்தது குடி. சைக்கிள்தானே என்ற அலட்சியம் வேண்டாம். பிரான்ஸில் ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிள் ஓட்டுபவருக்கும் உண்டு. மீறினால் அபராதம், 0.8-ஐத் தாண்டினால் குற்ற வழக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டேஸ்டிங்கில் 50 மில்லி வீதம் ஆறு ஒயின் என்றால் 300 மில்லி. 13 சதவீத ஒயினில் அது ஏறக்குறைய 31 கிராம் ஆல்கஹால். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு அளவு 0.7-ஐத் தொட்டுவிடும், பெண்களுக்கு இன்னும் கூடும். உடல் அதை மணிக்கு 0.1 முதல் 0.15 என்ற வேகத்தில்தான் கரைக்கும். பக்கத்தில் வைத்திருக்கும் துப்பும் பாத்திரத்தைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். ஒயின் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் ருசிக்கிறார்கள், யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. விழுங்கியே ஆக வேண்டும் என்றால் அன்றைய கடைசி நிறுத்தத்தில், விடுதிக்கு நடந்து போகும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் உதவியோடு ஓடும் இ-பைக் எடுத்தால் பயிற்சியே வேண்டாம் என்பது அரை உண்மை. ஐரோப்பிய விதிப்படி மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டியதும் மோட்டார் உதவி நின்றுவிடும். வண்டியே 22 முதல் 25 கிலோ. புறப்பட்டதிலிருந்து மோட்டார் உதவியை உச்ச நிலையான டர்போவிலேயே வைத்திருந்தால், சாந்-ரொமேன் போன்ற மேட்டு ஊர்களுக்கு ஏறும் நாளில் 500 வாட்-மணி பேட்டரி பாதி வழியில் கைவிடும். அந்த எடையை நீங்களே மிதித்து ஏற்ற வேண்டியதுதான். சமதளத்தில் குறைந்த உதவி தரும் ஈகோ (eco) நிலை, ஏற்றத்தில் மட்டும் கூட்டுவது, இறங்கும்போது அணைப்பது. இரவில் சார்ஜ் எங்கே போடுவது என்பதை விடுதியில் நுழைந்ததுமே கேட்டுவிடுங்கள். சொந்த இ-பைக் பேட்டரியை விமானத்தில் கொண்டுபோக நினைக்காதீர்கள்: பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேல் அனுமதி கிடையாது.

தோட்டப் பாதைகளில் கான்கிரீட்டும் வெள்ளைச் சுண்ணாம்புச் சரளையும் மாறி மாறி வரும். மழைக்குப் பின் டிராக்டர் சக்கரம் உதிர்த்த களிமண் கான்கிரீட்டில் படிந்திருக்கும். திருப்பத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் வழுக்கும். கொடி வரிசைக்கு மேலே கால் பரப்பி நிற்கும் உயரமான டிராக்டர் எதிரே வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். அது டிராக்டர்காரர் வேலைக்குப் போகும் பாதை, நாம் விருந்தாளிகள்.

உட்காருமிடம்தான் பலருக்கு மூன்றாம் நாள் பயணத்தைக் கெடுக்கிறது. பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக்கூடாது. தையல் உரசித்தான் புண் வருகிறது. வண்டியைக் கையில் வாங்கியதும், பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்துப் பாருங்கள். கால் நேராக நீண்டால் சீட் உயரம் சரி. முழங்கால் மடங்கினால் சீட்டை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மாலைக்குள் முட்டி வலிக்கும்.

சைவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். மெனுவில் முட்டை என்று பார்த்து 'எஃப் ஆன் மெரெத்' கேட்டால், சிவப்பு ஒயின் சாஸில் முட்டையோடு பன்றி இறைச்சித் துண்டுகளும் மிதந்து வரும்.

பிரான்ஸ் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் சைக்கிள் விபத்து அதில் அடங்குமா என்று பாலிசியைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

திரும்பும்போது பெட்டி நிறைய பாட்டில் அடுக்குவது கடைசித் தவறு. நிரம்பிய பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ, கைப்பையில் விட மாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். இந்தியச் சுங்கத்தில் தீர்வையில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர்தான், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. மூன்றாவதை எடுத்தாலே 2.25 லிட்டர் ஆகிவிடும். சுங்கத்தில் தீர்வை கட்டுபவர்களுக்கான சிவப்பு வழியில் போய் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும்.