வன்னியிலிருந்து இங்கிலாந்து வந்தவர்களுக்கு: மருந்துப் பையும் மருந்தாளரும்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மாதக் கிளினிக்குக்குப் போனவர்களுக்குப் பழக்கமான முறை ஒன்று உண்டு. யன்னலுக்குள் கொப்பியை நீட்டினால் கடதாசிப் பைகளில் குளிசை வரும். பின்னால் நீண்ட வரிசை நிற்கும், கேள்வி கேட்க நேரம் இருக்காது. இங்கே அப்படி வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். டொக்டர் எழுதிய மருந்து உங்கள் மற்ற மருந்துகளோடு மோதுகிறதா, அளவு சரியா என்று பார்ப்பது பார்மசியில் இருக்கும் மருந்தாளரின் வேலை. ஆனால் ஊரில் நீங்கள் எடுத்த மருந்து எதுவும் இங்குள்ள கணினியில் இல்லை. நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

கிளினிக் கொப்பியை எறிய வேண்டாம். அதில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், இங்குள்ளவர்கள் வாசித்து விளங்கிக்கொள்வார்கள். மிச்சக் குளிசைகளையும் அட்டையோடு கொண்டுபோங்கள். உதிரியாகப் பையில் கிடக்கும் வெள்ளைக் குளிசையைப் பார்த்து எவராலும் எதுவும் சொல்ல முடியாது. இப்படிப் பார்க்கும்போது அடிக்கடி வெளிவரும் தவறு, ஒரே மருந்தை இரட்டிப்பாக எடுப்பது. குளுக்கோபேஜ் என்பதும் மெட்போர்மின் என்பதும் ஒரே நீரிழிவு மருந்து. ஊரிலிருந்து வந்த பார்சலில் ஒன்று, இங்குள்ள டொக்டர் தந்தது இன்னொன்று என்று இரண்டையும் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். பெட்டியின் நிறமும் குளிசையின் வடிவமும் மாதத்துக்கு மாதம் மாறலாம், கம்பனி வேறு என்பதுதான் காரணம். லேபலில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள்.

மருந்துத் துண்டு எழுதுவது குடும்ப வைத்தியர். அவரிடம் பதிய விசாவோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. கையிலுள்ள மருந்து முடிய இரண்டு கிழமைக்கு முன்னரே பதிந்துவிடுங்கள். இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண் கட்டணம், 2024 மே மாதம் வந்த விலை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இலவசம். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் 16 வயதுக்குட்பட்டவர்களும் கட்டத் தேவையில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு விலக்குச் சான்றிதழ் உண்டு, அது எல்லா மருந்துக்கும் செல்லும். உணவுக் கட்டுப்பாட்டோடு மட்டும் இருப்பவர்களுக்கு அது இல்லை. புகலிடம் கோரி ஹோம் ஒபிஸ் உதவியில் இருப்பவர்களுக்கு மருந்தை இலவசமாக வாங்க எச்.சி.2 என்ற சான்றிதழ் வரும். சான்றிதழ் கையில் இல்லாமல் இலவசம் என்று அடையாளமிட்டால் 100 பவுண் வரை தண்டம் வரலாம்.

இனி நோவு மருந்து. ஷெல் துண்டு உடம்பில் இருப்பவர்கள், கால் இழந்தவர்கள், நரம்பு நோவோடு வாழ்பவர்கள் நம்மிடையே பலர். ஊரில் கடையில் வாங்கிய டைக்ளோபெனாக் குளிசை இங்கே 2015 முதல் துண்டு இல்லாமல் கிடைக்காது, இதயத்துக்கு ஆபத்து என்பதால். அதற்குப் பதிலாக ஐபுபுரோபென் வாங்குவார்கள். லொசார்டன் அல்லது எனலாபிரில் என்ற பிரஷர் குளிசையோடு சலம் போக்கும் குளிசையும் எடுப்பவர் அதையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். சிறுநீரக வருத்தம் பரவலாக உள்ள வவுனியாப் பக்கத்தவர்கள் அதை மருந்தாளரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நரம்பு நோவுக்கான கபபென்ரினும் பிரிகபலினும் 2019 ஏப்ரல் முதல் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ளவை. அறைக்கூட்டாளிக்கு ஒன்று கொடுப்பதும் குற்றம். மதுவோடு அல்லது ட்ரமடோல் என்ற நோவுக் குளிசையோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும்.

பனடோல் என்ற பரசிற்றமோலில் கணக்குப் பிழை சுலபம். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை 24 மணிக்குள் எட்டுக்கு மேல் கூடாது, உடல் நிறை 50 கிலோவுக்குக் குறைவென்றால் மருந்தாளரிடம் கேளுங்கள். தடிமனுக்குக் கரைத்துக் குடிக்கும் லெம்சிப் மக்ஸ் ஒரு பைக்கற்றிலேயே பரசிற்றமோல் 1000 மில்லிகிராம். பெயர் இரண்டு, மருந்து ஒன்று. நாலு பைக்கற் குடித்தவர் அன்றைக்கு ஒரு பனடோலும் போடக்கூடாது. ஈரல் பழுதாவது முதல் நாளில் தெரியாது, அதுதான் பயம். பிள்ளைகளின் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு உண்டு. தேத்தண்ணிக் கரண்டியால் அளக்காமல், பெட்டியோடு வரும் சிறிஞ்சால் எடுங்கள்.

தடிமனுக்கு அன்டிபயோட்டிக் கேட்டால் தரமாட்டார்கள், வாதாடிப் பயனில்லை. ஆனால் 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் ஏழு வருத்தங்களுக்கு டொக்டர் இல்லாமலே மருந்தாளர் பார்த்து மருந்து தரலாம். சைனஸ், தொண்டை நோவு, பிள்ளைகளின் காது நோவு, கிருமி பற்றிய பூச்சிக்கடி, இம்பெற்றைகோ என்ற தோல் தொற்று, அக்கி, 16 முதல் 64 வயதுவரையான பெண்களின் சிறுநீர்த் தொற்று ஆகியவை அவை. 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பல பார்மசிகளில் பிரஷரும் இலவசமாகப் பார்ப்பார்கள்.

கவுண்டரில் நிற்பவர் எல்லாரும் மருந்தாளர் அல்ல. “பார்மசிஸ்டோடு கதைக்க வேணும்” என்று கேளுங்கள், தனி அறை உண்டு. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், சில விசயங்களை அவர்கள் முன் சொல்ல மாட்டீர்கள். லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங் பக்கம் தமிழ் கதைப்பவர்கள் இருக்கிறார்கள். மற்ற இடங்களில் காலை, இரவுக்குப் பெட்டியில் சூரியன், நிலா வரைந்து தரச் சொல்லலாம்.

விரதத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் சாப்பிடாமல் இருந்துகொண்டு கிளிக்லசைட் என்ற நீரிழிவுக் குளிசையைப் போட்டால் சீனி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி மயக்கம் வரும். அளவை எப்படி மாற்றுவது என்று விரதம் தொடங்க இரண்டு கிழமைக்கு முன்னர் கேட்டால், மருந்தாளர் டொக்டரோடு பேசி ஒழுங்கு செய்ய நேரம் இருக்கும்.