வீட்டு ஹை-ஃபையில் இணைய வானொலி கேட்பது எப்படி

இணைய வானொலியை நம்மில் பெரும்பாலோர் கைபேசியின் சிறிய ஸ்பீக்கரிலேயே கேட்கிறோம். அதே வீட்டின் கூடத்தில், ஒரு காலத்தில் கேசட்டுக்காகவோ சிடிக்காகவோ ஆசையாக வாங்கிய ஹை-ஃபை தொகுப்பின் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு நல்ல ஸ்பீக்கர்களும் துணி போர்த்தியபடி கிடக்கின்றன. கைபேசியில் ஒரு கச்சேரியைக் கேட்டால் மிருதங்கத்தின் வலந்தலை காதில் விழும், மறுபக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற தாழ்ந்த ஒலி ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். தம்புரா இருக்கிறதா என்பதே தெரியாது. நிலையம் அந்தத் தாழ்ந்த ஒலிகளை அனுப்பத்தான் செய்கிறது. நகத்தளவு ஸ்பீக்கரால் அவற்றை எழுப்ப முடிவதில்லை, அவ்வளவுதான். ஆகவே புதிதாக எதையும் பெரிய விலை கொடுத்து வாங்குவதற்கு முன், இருக்கும் ஆம்ப்ளிஃபையரிடம் அந்த ஒலியைக் கொண்டுசேர்க்கும் வழியைப் பார்ப்பதே முறை.

முதலில் ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டிரண்டாக அமைந்த வட்டமான ஆர்.சி.ஏ. துளைகளின் மேல் ஆக்ஸ், சிடி, டியூனர், டேப், போனோ என்று எழுதியிருக்கும். ஆக்ஸ், சிடி, டியூனர் ஆகிய மூன்றும் ஒரே வகையான உள்ளீடுகள். பெயர்தான் வேறு, எதில் செருகினாலும் ஒலி ஒன்றுபோலவே வரும். டேப் என்ற இடத்தில் உள்ளே வரும் துளை, வெளியே போகும் துளை என இரண்டு இணைகள் இருக்கும் என்பதால் உள்ளீட்டைப் பார்த்துச் செருக வேண்டும். போனோவில் மட்டும் ஒருபோதும் செருகக்கூடாது. அது இசைத்தட்டு முள்ளிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் அளவேயான மெல்லிய மின்குறிப்பை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்குவதற்காக அமைந்தது. அதோடு, இசைத்தட்டை வெட்டும்போது குறைக்கப்பட்ட தாழ்ந்த ஒலிகளை அது மீண்டும் உயர்த்தும், உயர்த்தப்பட்ட மேல் ஒலிகளைத் தாழ்த்தும். கைபேசியின் ஒலியை அதில் கொடுத்தால் பிளந்த, மந்தமான இரைச்சல்தான் கிடைக்கும். சிவப்பு முனை வலப்பக்கத்துக்கு, வெள்ளை முனை இடப்பக்கத்துக்கு. எந்தக் கம்பியைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் ஆம்ப்ளிஃபையர் அணைந்திருக்கட்டும்.

மிக எளிய வழி, பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிய பழைய கைபேசி ஒன்றையே வானொலிப் பெட்டியாக்கிக்கொள்வது. ஒரு முனையில் 3.5 மி.மீ. ஜாக்கும் மறுமுனையில் இரண்டு ஆர்.சி.ஏ. முனைகளும் உள்ள கம்பி எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டியதில்லை. ஹெட்போன் துளை இல்லாத கைபேசியாக இருந்தால் யு.எஸ்.பி.-சி முனையிலிருந்து 3.5 மி.மீ.க்கு மாற்றும் சிறு இணைப்பான் வேண்டும். அதை வாங்கும்போது, எண்வடிவ ஒலியைச் சாதாரண ஒலியாக மாற்றும் டி.ஏ.சி. சில்லு அதற்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். சில்லு இல்லாத மலிவான இணைப்பான்கள் சில கைபேசிகளில் மட்டுமே வேலை செய்யும். பிறகு கைபேசியிலிருந்து சிம் கார்டை எடுத்துவிட்டு, விமானப் பயன்முறையில் வைத்து, வைஃபையை மட்டும் இயக்கி, எல்லா அறிவிப்பு ஒலிகளையும் அடக்கிவிட வேண்டும். பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பிலிருந்து வானொலிச் செயலிக்கு விலக்கு கொடுப்பதும் அவசியம். இல்லாவிட்டால் திரை அணைந்த சிறிது நேரத்தில் கைபேசி அந்தச் செயலியையும் உறங்கவைத்துவிடும்.

ஒலியளவை எங்கே கூட்டுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். கைபேசியின் ஒலியளவை முழுமைக்கு ஒரு படி குறைவாக வைத்துவிட்டு, மற்றதை ஆம்ப்ளிஃபையரின் குமிழில் செய்ய வேண்டும். சிடி பிளேயர் உச்சத்தில் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். கைபேசி தருவது பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு. கைபேசியில் மேலும் குறைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரைத் திருகினால், இசையோடு சேர்ந்து பின்னணி இரைச்சலும் பெரிதாகும்.

இந்த முறையில் வரும் ஒரே பெரிய தொல்லை, சார்ஜரைச் செருகியவுடன் ஸ்பீக்கரில் எழும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றுவிட்டால், இரு கருவிகளும் மின்னிணைப்பின் வழியாகவும் ஒலிக்கம்பியின் வழியாகவும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு வளையம் உருவாகியிருக்கிறது என்று பொருள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பார்ப்பது முதல் மருந்து. வேறொரு சார்ஜரை மாற்றிப் பார்ப்பது இரண்டாவது. அதிலும் அடங்காவிட்டால் ஒலிக்கம்பியின் நடுவே பொருத்தும் சிறிய தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரை வாங்கிப் போடலாம். ரீங்காரத்தைப் போக்குவதற்காக ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்தானது; எவர் சொன்னாலும் செய்யக்கூடாது.

புளூடூத் பற்றி நீண்டு சொல்ல ஒன்றுமில்லை. ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸில் ஒரு புளூடூத் ரிசீவரைச் செருகினால் கம்பி இல்லாமல் கேட்கலாம். ஆனால் நிலையம் ஏற்கெனவே சுருக்கி அனுப்பிய ஒலியைக் கைபேசி விரித்து, மறுபடியும் புளூடூத்துக்காகச் சுருக்குகிறது என்பதால் தரம் ஒரு படி இறங்கும்; கைபேசியோடு அறையை விட்டுத் தள்ளிப் போனால் ஒலி அறுந்துபோகும். செய்திக்கும் நாடகத்துக்கும் உரைக்கும் போதும், கச்சேரிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த வழி, நெட்வொர்க் ஸ்ட்ரீமர் என்னும் தனிக்கருவி. இது ரௌட்டரிலிருந்து நிலையத்தின் ஒலியைத் தானே நேரடியாக எடுத்துக்கொள்கிறது. கைபேசி வெறும் ரிமோட்டாக இருக்கும், அதில் அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது. வீம் நிறுவனத்தின் சிறிய பெட்டிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. யமஹா, டெனான் போன்ற நிறுவனங்களின் பல ஆம்ப்ளிஃபையர்களில் இந்த வசதி உள்ளேயே வருகிறது. இத்தகைய கருவியை வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒலித்தரத்தைப் பற்றியது அன்று. 'நிலையத்தின் ஒலி இணையத்தில் வரும் முகவரியை நானே இதில் எழுதிச் சேர்க்க முடியுமா?' என்பதே. ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்றால், பெரும்பாலான கருவிகள் நிலையங்களின் பட்டியலைத் தம்முள் வைத்திருப்பதில்லை. எங்கோ ஒரு நிறுவனம் நடத்தும் பட்டியலை ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெறுகின்றன. ரெசிவா என்னும் பட்டியல் சேவை 2021இல் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த பல நிறுவனங்களின் இணைய வானொலிப் பெட்டிகள் உள்ளே ஒரு பழுதும் இல்லாமலேயே நிலையம் தேட முடியாதவையாகின. கூகுள் 2015இல் வெளியிட்ட குரோம்காஸ்ட் ஆடியோ எல்லோரும் விரும்பிய மலிவான கருவி. 2019இல் அதன் உற்பத்தி நின்றுபோனது. கருவியும் சேவையும் மாறிக்கொண்டேதான் இருக்கும். முகவரிகள் நம் கையில் இருந்தால் அந்த மாற்றம் நம்மைப் பெரிதாகத் தொடாது.

அந்தக் காரணத்தால்தான், கொஞ்சம் பொறுமை உள்ளவர்களுக்கு ராஸ்பெர்ரி பை என்னும் சிறுகணினியை நான் முதலில் சொல்வேன். வொலூமியோ, மூட் போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றை மெமரி கார்டில் எழுதி, அதில் செருகி, மின்சாரம் கொடுத்தால், அதே வைஃபையில் உள்ள எந்தக் கைபேசியின் பிரௌசரிலிருந்தும் அதை இயக்கலாம். விரும்பும் நிலையத்தின் பெயரையும் முகவரியையும் நாமே எழுதி வைத்துக்கொள்ளலாம். பழைய மாதிரிகளில் உள்ள 3.5 மி.மீ. துளையின் ஒலி ஹை-ஃபைக்குத் தகுந்ததன்று. புதிய பை 5இல் அந்தத் துளையே இல்லை. ஆகவே அதன்மேல் பொருத்தும் டி.ஏ.சி. பலகையையோ யு.எஸ்.பி. டி.ஏ.சி. ஒன்றையோ சேர்த்து வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: பிரௌசரில் 'ஷட் டவுன்' கொடுக்காமல் சுவிட்சை அணைத்தால் மெமரி கார்டு சில நேரம் கெட்டுப்போகும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர்களில் இதையும் ரௌட்டரையும் ஒரே இன்வெர்ட்டர் இணைப்பில் வைப்பது நல்லது. எல்லாம் முடிந்தபின் அந்தக் கார்டின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

இனி நிலையங்கள். நம் மக்களுக்குத் தூரத்து நிலையம் புதிதன்று. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கடல் கடந்து கேட்டு வளர்ந்தது. இன்று ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் சென்னை, திருச்சி, மதுரை என நாட்டின் நிலையங்கள் பலவும் கிடைக்கின்றன. கர்நாடக இசையும் இந்துஸ்தானி இசையும் நாள் முழுதும் ஒலிக்கும் ராகம் என்ற ஆகாசவாணி அலைவரிசை 2016இல் தொடங்கியது. ஹை-ஃபையில் முதலில் கேட்க வேண்டியது எது என்று யாராவது கேட்டால் அதையே சொல்வேன். சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் எஃப்.எம். ஆகியவையும் இணையத்தில் வருகின்றன. தமிழைத் தாண்டிக் கேட்க விரும்புவோர், உலக உருண்டையைச் சுழற்றி ஊரைத் தொட்டால் அவ்வூர் நிலையம் ஒலிக்கும் ரேடியோ கார்டனில் உலவலாம்.

முகவரி என்று நான் குறிப்பிடுவது நிலையத்தின் இணையப்பக்கத்தை அன்று. ஒலி நேரே ஓடிவரும் ஸ்ட்ரீம் முகவரியை. தன்னார்வலர்கள் சேர்ந்து பராமரிக்கும் ரேடியோ பிரௌசர் என்ற பொதுப் பட்டியலில் ஆயிரக்கணக்கான நிலையங்களின் இத்தகைய முகவரிகள் கிடைக்கும். எம்3யு, பி.எல்.எஸ். என்று முடியும் கோப்பு கிடைத்தால் அதைச் சாதாரண எழுத்துச் செயலியில் திறந்து பார்த்தால் போதும், உள்ளே முகவரி எழுதியிருக்கும். எம்3யு8 என்று முடிவது வேறு வகை; அதில் ஒலி சில நொடித் துண்டுகளாக வருகிறது, பழைய ஸ்ட்ரீமர்கள் சிலவற்றால் அதைப் படிக்க இயலாது. எந்த முகவரியையும் முதலில் கணினியில் வி.எல்.சி. பிளேயரின் 'நெட்வொர்க் ஸ்ட்ரீம்' பகுதியில் ஒட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஒலித்தால்தான் முகவரி உயிரோடு இருக்கிறது, ஹை-ஃபையில் ஒலிக்காதது கருவியின் குறை என்று முடிவு செய்யலாம். உரிமக் காரணங்களால் சில நிலையங்கள் தம் நாட்டுக்கு வெளியே கேட்கக் கிடைப்பதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஒலிக்கும் முகவரிகளை ஒரு கோப்பில் சேர்த்து, கணினியிலும் கைபேசியிலுமாக இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.

தரத்தைக் குறிக்கும் எண் நொடிக்கு எத்தனை கிலோபிட் என்பது. 128 கிலோபிட் எம்பி3 ஒலிக்கு மணிக்கு ஏறத்தாழ 58 எம்பி டேட்டா செலவாகும்; 320 கிலோபிட்டுக்கு 144 எம்பி. ரேடியோ பாரடைஸ் என்னும் அமெரிக்க நிலையம், எதையும் இழக்காத ஃபிளாக் வடிவத்திலும் ஒலிபரப்புகிறது. அதற்குப் பன்மடங்கு செலவாகும். ஏ.ஏ.சி. வடிவம் எம்பி3யைவிடக் குறைந்த எண்ணிலேயே அதே தரத்தைத் தரும் என்பதால் இரண்டும் இருக்கும் இடத்தில் எண்ணை மட்டும் ஒப்பிடக்கூடாது. பழைய கச்சேரிப் பதிவுகளில் மூல நாடாவில் உள்ளதே ஓரளவுதான். அவற்றுக்கு நல்ல 128 போதும் என்பது என் காதின் தீர்ப்பு. வயலினின் மேல்ஸ்தாயி, ஜால்ரா, கைதட்டல் ஆகியவை நீருக்கடியில் கேட்பதுபோலக் குழைந்தால் மட்டும் உயர்ந்த எண்ணைத் தேடுங்கள்.

ஒலி விட்டுவிட்டு வந்தால் இணையத் திட்டத்தை மாற்ற ஓட வேண்டாம். வானொலிக்குத் தேவைப்படும் வேகம் மிகக் குறைவு; தேவைப்படுவது அறுபடாத தொடர்பு. சுவர்களைத் தாண்டிப் போவதில் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மேல். ஸ்ட்ரீமரை இரும்பு பீரோவின் பக்கத்திலிருந்து நகர்த்துவதே சில வீடுகளில் போதுமானது. ரௌட்டரிலிருந்து ஒரு லேன் கம்பியை இழுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது. இணைய ஒலி எப்படியும் நேரடி ஒலிபரப்புக்குப் பல நொடிகள் பின்தங்கியே வரும் என்பதால், செய்திக்கு முன் வரும் நேர ஒலியைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் பழக்கத்தை மட்டும் இதில் விட்டுவிட வேண்டும்.

கடைசியாக, செய்தி வாசிப்பவரின் குரலைக் கொண்டு ஸ்பீக்கர்களைச் சோதியுங்கள். பாஸ், டிரெபிள் குமிழ்களை நடுவில் வைத்து, லவுட்னஸ் பொத்தானை அணைத்துவிட்டு, இரு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் உட்கார வேண்டும். ஒற்றைக் குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, ஆள் அங்கே அமர்ந்திருப்பதுபோல, ஓரிடத்திலிருந்து வர வேண்டும். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் பேலன்ஸ் குமிழைப் பாருங்கள். குரலுக்கு இடமே இல்லாமல் அறையெங்கும் பரவி, அடித்தொனியும் மெலிந்திருந்தால், ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு முனைகள் மாறியிருக்கின்றன. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு அவற்றைத் திருப்பிப் போடுங்கள். விடியற்காலையில் வீட்டார் உறங்கும்போது மிகத் தாழ்வாகக் கேட்பவர்கள் அந்நேரத்துக்கு மட்டும் லவுட்னஸைப் போட்டுக்கொள்ளலாம். ஒலி குறையும்போது நம் காது தாழ்ந்த ஒலிகளை முதலில் இழந்துவிடுகிறது, அதை ஈடுசெய்யவே அந்தப் பொத்தானை வைத்திருக்கிறார்கள்.