கெட்ட செய்தியை முதலில் நீங்களே சொல்லுங்கள்

நிறுவனங்களின் தகவல் தொடர்புப் பிரிவுகளில் நெடுங்காலமாக வேலை செய்துவருகிறேன். நெருக்கடிக்காலத் திட்டம் தயாரிக்க யார் அழைத்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: "கடந்த மூன்று மாதங்களில் நீங்களாகவே முன்வந்து சொன்ன கெட்ட செய்தி எது?" பெரும்பாலும் பதில் வராது. சரக்கு இரண்டு நாள் தாமதமாகும் என்பதைக்கூடச் சொல்லிப் பழகாதவர்கள், தீ விபத்து நடந்த இரவில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுவதில்லை. அப்படியே சொன்னாலும், கேட்பவர்கள் நம்புவதற்குக் காரணம் இருக்காது.

ஆகவே சிறிய செய்திகளிலிருந்து தொடங்குங்கள். சேவை அரை மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, விலைப்பட்டியலில் பிழை நேர்ந்தாலோ, ஒரு தொகுதிப் பொருள் தரச் சோதனையில் தேறாவிட்டாலோ வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும் முன்பே தெரிவித்துவிட வேண்டும் என்று விதி வையுங்கள். அந்தச் செய்தியை வெளியிடும் அதிகாரம் பிரிவுத் தலைவரிடமே இருக்கட்டும். மேலிடத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தால் பொழுது போய்விடும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தவறைக் கண்டு சொன்ன ஊழியரை முதல் கூட்டத்திலேயே நிற்கவைத்துக் கேள்வி கேட்டால், அடுத்த தவறு உங்கள் காதுக்கு வரவே வராது.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்பு நகல்களில் பலவும் வேலை செய்யவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு போய்விட்டது. மீட்புப் பணியின் குறிப்புகளை எவரும் படிக்கும்படி அவர்கள் திறந்துவைத்தார்கள். பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். இழப்பு இழப்புதான். ஆனால் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

அடுத்து, யார் யாரிடம் பேச வேண்டும் என்ற பட்டியல். எல்லோரும் முதலீட்டாளரையும் பத்திரிகையாளரையும் மேலே எழுதுகிறார்கள். நான் பாதிக்கப்பட்டவர்களை முதலிலும் ஊழியர்களை அடுத்தும் எழுதச் சொல்வேன். கவலையில் இருக்கும் வாடிக்கையாளர் தலைமை அலுவலகத்தை அழைப்பதில்லை. தனக்குத் தெரிந்த விற்பனைப் பிரதிநிதியைத்தான் அழைக்கிறார். செய்தியாளர் முதலில் சந்திப்பது வாசலில் நிற்கும் காவலாளியை. புதிய நிறுவனத்துக்குப் போனால் நான் அந்தக் காவலாளியிடம்தான் கேட்பேன்: "நிருபர் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்?" யாரை அழைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், அந்த நிறுவனம் ஓரளவு ஆயத்தமாக இருக்கிறது என்று புரிந்துகொள்வேன்.

பேசும் வழியையும் இப்போதே அமைத்துவிடுங்கள். மக்களின் கடன் விவரங்களைத் திரட்டும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபேக்ஸ், தன்னிடமிருந்து தரவு திருடப்பட்டதை 2017 ஜூலை 29 அன்று கண்டறிந்தது. மக்களுக்கு அறிவித்தது செப்டம்பர் 7 அன்று. பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 14.7 கோடிப் பேர். அவர்களுக்காக அவசரமாகப் புதிய முகவரியில் ஓர் இணையதளத்தைத் திறந்தார்கள். அதே சாயலில் வேறொருவர் உருவாக்கிய போலித் தளத்தின் முகவரியை, நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கே சிலமுறை பகிர்ந்துவிட்டது. மக்கள் ஏற்கெனவே அறிந்த முகவரியில், ஏற்கெனவே அறிந்த எண்ணில் பேசுவதே பாதுகாப்பு. தொலைபேசிப் பட்டியல் காகிதத்திலும் இருக்கட்டும். தாக்கப்படுவது உங்கள் கணினி அமைப்பாகவே இருந்தால், மின்னஞ்சல் வேலை செய்யாது.

முதல் அறிக்கைக்கு மூன்று செய்திகள் போதும்: எங்களுக்குத் தெரிந்தது இது, இன்னும் தெரியாதது இது, அடுத்து இத்தனை மணிக்குப் பேசுவோம். உதாரணமாக: "இன்று காலை ஆறு மணிக்கு எங்கள் கிடங்கில் தீப்பிடித்தது. இருவர் காயமடைந்து சிகிச்சை பெறுகிறார்கள். காரணம் இன்னும் தெரியவில்லை. பத்து மணிக்கு மீண்டும் தகவல் தருகிறோம்." பத்து மணிக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை என்றாலும், அதைச் சொல்லவாவது வாருங்கள். "பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு" போன்ற வரிகளைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் ஒருவர் அதைப் படிப்பார்.

யார் பேசுவது என்பதும் இன்றே தீர்மானிக்க வேண்டிய விஷயம். 2010-இல் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். அந்தக் கிணற்றை நடத்திய பிபி நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி டோனி ஹேவர்ட், தனது பழைய வாழ்க்கை தனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று கேமராவின் முன் சொன்னார். பின்னர் மன்னிப்புக் கேட்டும் அந்த வாக்கியம் அவரை விடவில்லை. பதவியில் பெரியவர் என்பதற்காக ஒருவரைப் பேசவிடாதீர்கள். கடுமையான கேள்வியைக் கேட்டும் நிதானம் இழக்காதவரை, துக்கத்தில் இருப்பவரின் எதிரே உட்கார்ந்து பேசத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுங்கள்.

வழக்கறிஞர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2008-இல் கனடாவின் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் நிறுவனத்தின் இறைச்சியில் லிஸ்டீரியா கிருமி பரவி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதன் தலைவர் மைக்கேல் மெக்கெய்ன் நேரடியாக மன்னிப்புக் கேட்டார். வழக்கறிஞர், கணக்காளர் இருவரின் பேச்சையும் தான் கேட்கவில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் எல்லோரும் அப்படிச் செய்ய இயலாது. அமைதியான ஒரு வாரத்தில் வழக்கறிஞரை உட்காரவைத்து, எந்தச் சொற்களில் வருத்தம் தெரிவிக்கலாம், எந்தச் சூழலில் பொறுப்பை ஏற்கலாம் என்று எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். நள்ளிரவில் ஒரு சொல்லுக்காக வாதாடுவது பயங்கரமான நேர விரயம்.

ஒத்திகை ஆண்டுக்கு இருமுறை போதும், முன்னறிவிப்பின்றி.

இனி வருவதுதான் நீண்டகால நம்பிக்கையை உண்டாக்குகிறது; பெரும்பாலானவர்கள் கைவிடுவதும் இதைத்தான். 1982-இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடிப் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. இதை எல்லோரும் சொல்வார்கள். என் மனத்தில் நிற்பது அதே ஆண்டில் அவர்கள் கொண்டுவந்த, பிரித்தால் தெரிந்துவிடும் மூன்றடுக்கு முத்திரை. கடையில் புட்டியைக் கையில் எடுத்தவர் மாற்றத்தைத் தானே பார்க்க முடிந்தது.

எனவே ஒரு வாக்குறுதிப் பதிவேடு வைத்திருங்கள். நெருக்கடியின்போது யார், யாரிடம், எந்தத் தேதிக்குள், என்ன செய்வதாகச் சொன்னார்கள் என்பதை அன்றன்றே எழுதுங்கள். செய்தித் தொடர்பாளர் பேட்டியில் வாய்விட்டுச் சொன்னதும் அதில் ஏற வேண்டும். தகவல் தொடர்புப் பிரிவுக்கு வெளியே இருக்கும் ஒருவர் அதைப் பொறுப்பேற்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் குழுவின் முன் படிக்கட்டும். முடிந்தவற்றை வெளியிடும்போது முடியாதவற்றையும் காரணத்தோடு, புதிய தேதியோடு வெளியிடுங்கள். இழப்பீடு வாங்கியவர்களுக்கும் காயமடைந்தவர்களின் குடும்பங்களுக்கும் அந்த அறிக்கை பத்திரிகைகளுக்கு முன்பாகவே, பெயர் குறிப்பிட்ட கடிதத்தோடு போய்ச் சேர வேண்டும்.