ஆல்ஃபா பிளாக்கர், பீட்டா பிளாக்கர்: மனப்பாடம் வேண்டாம், ஒரு வெள்ளைத் தாள் போதும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் மெடிக்கலுக்கு டி.பார்ம் படிக்கும் பிள்ளைகள் பயிற்சிக்கு வருவார்கள். முக்கால்வாசிப் பேர் இந்தப் பாடத்தில் வந்து முட்டி நிற்பார்கள். போன வாரம்கூட ஒரு பெண் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, ஒரு பக்கம் முழுக்க மருந்துப் பெயரா இருக்கு, எதை எதோட சேர்த்து ஞாபகம் வெச்சுக்கறது?" என்றாள். பெயரில் ஆரம்பித்ததுதான் தப்பு. மருந்து போய் உட்காரும் இடத்தை முதலில் படித்துவிட்டால் பெயர்கள் தானாக வரிசைக்கு வந்துவிடும். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

படி 1: தாளில் ஒரு ஆளை வரையுங்கள்

கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. இதயம், நுரையீரல், சிறுநீரகம், சிறுநீர்ப்பையின் வாய், கண் பாப்பா, தோலுக்கடியில் ஓடும் ரத்தக் குழாய் எல்லாம் இருக்க வேண்டும். இப்போது அந்த ஆளை ஏற்காடு மலைப்பாதையில் பைக்கில் ஏற்றுங்கள். 20 கொண்டை ஊசி வளைவில் 14வது வளைவு, திரும்பினால் எதிரே பஸ் மொத்த ரோட்டையும் அடைத்துக்கொண்டு இறங்கி வருகிறது. உடம்பில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் பாய்கின்றன. என்ன ஆகும்?

இதயம் தடதடக்கும்: அங்கே பீட்டா 1 என்று எழுதுங்கள் (ஆல்ஃபா, பீட்டா என்பவை இந்த அட்ரினலின்கள் போய் உட்காரும் ஏற்பிகளின் வகைகள், எண்கள் அவற்றின் உள்வகைகள்). சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை விட்டு ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடப் பார்க்கும், அதுவும் பீட்டா 1. மூச்சுக்குழாய் விரியும், கை நடுங்கும்: பீட்டா 2. முகம் வெளிறும், ஏனென்றால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன: ஆல்ஃபா 1. கண் பாப்பா விரிவதும், சிறுநீர்ப்பையின் வாய் இறுகுவதும் ஆல்ஃபா 1 வேலைதான். ஆல்ஃபா 2 முக்கியமாக நரம்பு நுனியில் உட்கார்ந்துகொண்டு "போதும், இனிமேல் நார்அட்ரினலின் விடாதே" என்று சொல்லும் கண்காணிப்பாளர். பீட்டா 3ஐ இன்றைக்கு விட்டுவிடலாம்.

ஒரே பொருள் ஓரிடத்தில் சுருக்குகிறது, இன்னோரிடத்தில் விரிக்கிறது, அதெப்படி? முன்பு, இரண்டு வேறு பொருள் உருவாகிறது என்றுதான் நினைத்தார்கள். 1948ல் அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், பொருளில் வித்தியாசம் இல்லை, அதை வாங்கும் ஏற்பிதான் இரண்டு வகை என்று சொல்லி ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார். அந்தக் கட்டுரையை முதலில் அனுப்பிய இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. பரீட்சையில் தோற்றவர்கள் இதை நினைத்து ஆறுதல் அடையலாம்.

படி 2: பிளாக்கர் என்ன செய்கிறது?

எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறைகள் இருப்பதால் எனக்கு உதாரணம் தேட அலைய வேண்டியதில்லை. கொலுசின் மரைக்குச் சரியான திருகாணி போட்டால் பூட்டிக்கொள்ளும். அளவில் கொஞ்சம் பிசகிய திருகாணி மரைக்குள் போய் உட்காரும், ஆனால் பூட்டாது. அது இருக்கும்வரை சரியான திருகாணியும் உள்ளே போக முடியாது. பிளாக்கர் அந்தப் பிசகிய திருகாணிதான். பெரும்பாலான பிளாக்கர்கள் இப்படி வந்து உட்கார்ந்துவிட்டுக் கழன்று போகிறவை. ஃபினாக்சிபென்சமின் மட்டும் மரையோடு பற்றவைத்த மாதிரி. கழற்றவே முடியாது, உடம்பு புது ஏற்பியைச் செய்துகொள்ளும்வரை அதன் வேலை நீடிக்கும்.

இதிலேயே இன்னொன்றும் புரியும். பிளாக்கர் தானாக எதையும் செய்வதில்லை, வருகிறவனை மறிக்கிறது, அவ்வளவுதான். அதனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பை ஓரளவுதான் குறைக்கும், படியேறும்போதோ பயப்படும்போதோதான் அதன் பலம் நன்றாகத் தெரியும்.

படி 3: எல்லாவற்றையும் தலைகீழாக்குங்கள்

வேறு நிறப் பேனா எடுங்கள். ஆல்ஃபா 1ஐ அடைத்தால் ரத்தக் குழாய் தளரும், அழுத்தம் இறங்கும், சிறுநீர் தடையில்லாமல் போகும். பீட்டா 1ஐ அடைத்தால் இதயம் நிதானமாகத் துடிக்கும், அதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறையும். நெஞ்சுவலிக்கு ரத்த ஓட்டத்தை எப்படிக் கூட்டுவது என்று மற்றவர்கள் யோசித்தபோது, இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று ஜேம்ஸ் பிளாக் யோசித்ததால்தான் ப்ரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் வந்தது. 1988ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். பீட்டா 2ஐ அடைத்தாலோ மூச்சுக்குழாய் இறுகும். ஆஸ்துமாக்காரருக்கு இது விஷப்பரீட்சை.

படி 4: இப்போது பெயர்கள்

"சோசின்" அல்லது "லோசின்" என்று முடிந்தால் ஆல்ஃபா 1 பிளாக்கர்: பிரசோசின், டெராசோசின், டாம்சுலோசின். "லால்" என்று முடிந்தால் பீட்டா பிளாக்கர். ப்ரோப்ரனலால் பீட்டா 1, 2 இரண்டையும் அடைக்கும். அட்டெனலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால் எல்லாம் இதயத்தையே பெரும்பாலும் குறிவைக்கும், ஆனால் டோஸ் ஏற ஏற அந்த வித்தியாசம் மங்கிவிடும். கார்வெடிலால், லேபெடலால் இரண்டும் ஆல்ஃபா 1ஐயும் சேர்த்து அடைக்கும். சோட்டலால் காதுக்கு லேபெடலால் மாதிரியே கேட்கும், ஏமாறாதீர்கள், அதற்கும் ஆல்ஃபாவுக்கும் சம்பந்தமில்லை.

படி 5: அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மெட்டோப்ரோலால் அட்டையில் சக்சினேட் என்றிருக்கிறதா, டார்ட்ரேட் என்றிருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சக்சினேட் மெதுவாகக் கரைகிற மாத்திரையாக வரும், பொதுவாக ஒரு நாளுக்கு ஒரு வேளை. சாதாரண டார்ட்ரேட் மாத்திரையைப் பொதுவாக இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒன்று இல்லையென்று மற்றதை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

படி 6: எதிரே நிற்கும் ஆளை உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள்

இதில்தான் நான் ஒரு தடவை கோட்டைவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரியப்பாவுக்கு டாக்டர் எழுதிய பிரசோசினை நானேதான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். முதல் டோஸில் அழுத்தம் சட்டென்று இறங்கும், படுக்கப் போகும்போது போடுங்கள் என்று சொன்னேன். ராத்திரி எழுந்தால் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு நில்லுங்கள் என்று சொல்ல மறந்தேன். பாத்ரூம் வாசலில் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்திருக்கிறார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. நிற்கும்போது சுருங்கிக்கொள்ள வேண்டிய குழாய் சுருங்கவில்லை, படி 3ல் இருக்கிறது பாருங்கள்.

இதேபோல ஒவ்வொருவரையும் பாருங்கள். ஏற்காட்டிலிருந்து மாதம் ஒருமுறை இறங்கி வரும் அம்மா ஒருவர், மார்கழியில் விரல் நுனியெல்லாம் ஐஸ் மாதிரி இருக்கிறது என்பார். குளிர் பாதி, ப்ரோப்ரனலால் பாதி. சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும், வியர்வை மட்டும் மறையாது, அதனால் வியர்த்தால் உடனே சோதிக்கச் சொல்லுங்கள். டாம்சுலோசின் போடுகிறவர் கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கருவிழிப் படலம் தளர்ந்து ஆபரேஷனைச் சிக்கலாக்கும். "இப்போ நல்லாத்தான் இருக்கேன், மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று பீட்டா பிளாக்கர் போடுகிற யாராவது சொன்னால் பதறுங்கள். நீண்ட நாள் அடைபட்டுக் கிடந்த இதயம் ஏற்பிகளைக் கூட்டி வைத்திருக்கும், திடீரென்று திறந்துவிட்டால் நெஞ்சுவலியே வரலாம். நிறுத்துவதானால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான்.

படி 7: ஒரு கணக்கு

டைமலால் கண் சொட்டு மருந்து, கண் அழுத்த நோய்க்கு. வாங்க வந்தவர் பையில் இன்ஹேலர் தெரிகிறது. கொடுப்பீர்களா? கண்ணில் விடுவதுதானே என்று அந்தப் பெண் சொன்னாள். கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய் இருக்கிறது, அதன் வழியாகப் போன மருந்து கல்லீரலைத் தொடாமல் நேரே ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் போய்ச் சேரும். அவள் தன் படத்தில் கண்ணிலிருந்து நுரையீரலுக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு, சீட்டு எழுதிய டாக்டருக்கு போன் போடலாமா அண்ணா என்று கேட்டாள்.